வாகனத்தின் உடலைத் தாங்கும் இறப்பர்: தேய்வைக் கண்டறிதலும் மாற்றுதலும்



பழைய ஜீப் வண்டியொன்றில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். கிரவல் வீதியில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காலுக்கடியில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பிரேக் பிடித்தால் இன்னொரு "டொக்". சாரதியோ "பழைய வாகனம்தானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவார். அந்தச் சத்தத்திற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு காரணமே இக்கட்டுரையின் பொருளாகும்.

விசை, அமுக்கம், விசைத் திருப்பம், பல்பகுதியம், துருப்பிடித்தல் ஆகியவற்றை நீங்கள் விஞ்ஞான பாடத்திலே தனித்தனியாகக் கற்கிறீர்கள். இவை அனைத்தும் ஒரு கைப்பிடியளவு இறப்பர்த் துண்டில் ஒன்றுசேர்வதை இங்கு காணலாம். அத்துடன், "காரணத்தைக் கண்டறிந்து விளக்குக" என்று கேட்கப்படும் வினாவுக்கு எவ்வாறு ஒழுங்காக விடை எழுதுவது என்பதையும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சம்பவம்

எனது மாமா ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வாடகைக்கு ஓடிவந்தார். அதிலே மேற்கூறிய சத்தம் தொடங்கியது. அவர் கொண்டுபோன கராச்சிலே, கேட்ட மாத்திரத்திலேயே "சொக் அப்சோபர் போய்விட்டது" என்றார்கள். நான்கையும் மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. அடுத்த முறை முன்பக்கப் புஷ்களை மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. இரண்டு மாத உழைப்பு இவ்வாறு போயிற்று. மாமாவின் மகள் அவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்தாள். அவளுடைய வகுப்புக் காசும் அந்த இரண்டு மாதமும் கட்டப்படவில்லை.

பின்னர் வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தார். அவர் எதையும் கழற்றவில்லை. "அண்ணை, சத்தம் எப்ப வருது, எந்தப் பக்கம் வருது எண்டு முதல்ல சொல்லுங்கோ" என்று கேட்டார். பிறகு ரோச் லைற்றுடன் வாகனத்தின் கீழே பார்த்து, சில போல்ற் தலைகளின் மேல் சோக்கினால் கோடு போட்டார். "நாளைக்கு ஒருக்கா ஓடிப்போட்டு வாங்கோ" என்றார். மறுநாள் பார்த்தபோது பின்பக்கத்திலே இரண்டு போல்ற்றுகளில் கோடு விலகியிருந்தது. அவ்விடத்து இறப்பர் அமுங்கி, வெடித்து, பாதியாக மெலிந்திருந்தது. காரணம் அதுவே.

முதலாவது கராச்சுக்கும் இரண்டாவது மெக்கானிக்குக்கும் இடையிலான வேறுபாடு யாதெனில், முன்னவர் அறிகுறியைக் கேட்டதும் மாற்றத் தொடங்கினார்; பின்னவர் காரணத்தை நிரூபித்த பின்னரே மாற்றினார். இதை மனதிற் கொண்டு பாடத்துக்குச் செல்வோம்.

1. உடலும் செசியும்

மோட்டார் வாகனங்களை அவற்றின் கட்டமைப்பைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம்.

(அ) ஒருங்கிணைந்த உடல் கொண்டவை. இவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே உருவாக்கப்பட்டிருக்கும். இன்றைய சிறிய கார்களிற் பெரும்பாலானவை இவ்வகையின.

(ஆ) தனி அடிச்சட்டம் கொண்டவை. இவற்றில் ஏணி போன்ற உருக்குச் சட்டம் ஒன்று கீழே இருக்கும். இதனையே நாம் செசி என்கிறோம். எஞ்சின், கியர்ப்பெட்டி, சில்லுகளைத் தாங்கும் அமைப்பு என்பன செசியிற் பொருத்தப்பட்டிருக்கும். ஆட்கள் அமரும் உடற்பகுதி, அதாவது பொடி, செசியின் மேல் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும்.

மிட்சுபிஷி பஜேரோ இதற்கு நல்ல உதாரணமாகும். 1982 இல் வந்த முதலாம் தலைமுறையும் 1991 இல் வந்த இரண்டாம் தலைமுறையும் தனிச் செசி கொண்டவை. 1999 இல் வந்த மூன்றாம் தலைமுறை ஒருங்கிணைந்த உடலுக்கு மாறியது. டொயோட்டா லாண்ட் குறூசர் பிராடோ தனிச் செசி கொண்ட வாகனமாகும்.

தனிச் செசி கொண்ட வாகனத்தில் பொடியை நேரடியாக இரும்பின் மேல் இரும்பாக வைத்தால், வீதியின் ஒவ்வோர் அதிர்வும் எஞ்சினின் அதிர்வும் பயணிகளைச் சென்றடையும். கரடுமுரடான பாதையில் செசி சிறிது முறுகும்போது பொடியும் சேர்ந்து முறுகி வெடிக்கும். இவற்றைத் தடுப்பதற்காக இரண்டுக்கும் இடையில் இறப்பர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. இவற்றைக் கராச்சுகளிற் "பொடி மவுண்ட்" என்பர். வாகனத்தின் வகையைப் பொறுத்து எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு தாங்கிகள் காணப்படலாம்.

ஆகவே, பொடி மவுண்ட் பற்றிய பேச்சு தனிச் செசி கொண்ட வாகனங்களுக்கே பொருந்தும் என்பதை நினைவிற் கொள்க.

2. தாங்கியின் அமைப்பு

பொதுவாகக் காணப்படும் ஒரு தாங்கியைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

1. போல்ற்றின் தலையும் அகன்ற வாசரும்
2. கீழ் இறப்பர்
3. செசியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், துளையிட்ட உருக்குத் தகடு
4. மேல் இறப்பர்
5. பொடியின் அடிப்பகுதி. இதனுள்ளே போல்ற்றைப் பற்றிக்கொள்ளும் சுரை ஒட்டப்பட்டிருக்கும்.

இவற்றின் நடுவே ஓர் இரும்புக் குழாய்த்துண்டு உண்டு. போல்ற் அதனூடாகச் செல்லும். இதன் தொழிலை மாணவர் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். போல்ற்றை இறுக்கும்போது வாசர் குழாய்த்துண்டின் நுனியில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இறப்பர் நசியாது. இறப்பர் எவ்வளவு நசிய வேண்டும் என்பதைக் குழாய்த்துண்டின் நீளமே தீர்மானிக்கிறது.

இப்போது இறப்பர் காலப்போக்கில் மெலிந்துவிட்டது எனக் கொள்வோம். குழாய்த்துண்டின் நீளம் மாறாது. எனவே வாசர், குழாய்த்துண்டு, பொடி ஆகிய மூன்றும் ஒன்றாக இறுகியிருக்க, நடுவிலுள்ள செசித் தகட்டுக்கு மேலும் கீழும் இடைவெளி தோன்றும். வாகனம் குலுங்கும்போது பொடி அந்த இடைவெளியளவுக்கு மேலெழுந்து விழும். "டொக்" என்ற சத்தம் இதுவே.

இதிலிருந்து இன்னொரு விடயமும் புலப்படும். சிலர் "போல்ற் இளகிவிட்டது, இறுக்கினாற் சரி" என்பர். மெலிந்த இறப்பர் இருக்கும்வரை போல்ற்றை எவ்வளவு இறுக்கினாலும் குழாய்த்துண்டு அதனைத் தடுக்கும், இடைவெளி மறையாது. தொடர்ந்து அடிபடுவதால் போல்ற் மீண்டும் இளகும். போல்ற் இளகியது அறிகுறி. இறப்பர் மெலிந்தது காரணம்.

3. இறப்பர் ஏன் பழுதடைகிறது?

இயற்கை இறப்பர் ஐசோபிரீன் என்னும் ஒருபகுதியத்தால் ஆன பல்பகுதியமாகும். இறப்பர்ச் செய்கைக்கு நமது நாட்டுடன் நெருங்கிய தொடர்புண்டு. 1876 இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட கன்றுகள் கம்பஹா மாவட்டத்து ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன.

பச்சை இறப்பர் வெப்பத்தில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்பதைக் கண்டறிந்தார். இதுவே வல்கனைசுப்படுத்தல் எனப்படும். கந்தகம் பல்பகுதியச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குவதால், அமுக்கிவிட்டாலும் இறப்பர் தன் பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது.

எனினும் அது என்றென்றும் அவ்வாறே இருப்பதில்லை. பழுதுக்கான காரணங்கள் பின்வருமாறு:

(அ) ஓசோனும் ஒட்சிசனும். வல்கனைசுப்படுத்திய பின்னரும் இயற்கை இறப்பரின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கும். வளியிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கும். இதனால் இழுபட்ட நிலையிலுள்ள மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும்.

(ஆ) தொடர்ச்சியான சுமை. வாகனம் நிற்கும்போதும் தாங்கி சுமையுடனேயே இருக்கிறது. பல வருடங்கள் அமுங்கியே இருக்கும் இறப்பர் ஒரு பகுதி அமுங்கலை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும்.

(இ) வெப்பம். புகைக்குழாய்க்கு அண்மையிலுள்ள தாங்கிகள் விரைவாக விறைத்துப் போகும்.

(ஈ) எண்ணெய். எஞ்சின் எண்ணெய் அல்லது டீசல் ஒழுகிப் படுமாயின் இயற்கை இறப்பர் ஊறிப் பருத்து மென்மையாகும்.

(உ) துரு. சில்லுகள் வாரியடிக்கும் சேறும் நீரும் தாங்கியின் ஓரங்களிற் தங்கும். கடற்கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு, அது உண்டாகக் காரணமான இரும்பைவிடக் கூடிய கனவளவு கொண்டது. எனவே துரு வளரும்போது இறப்பரை ஒரு பக்கமாகத் தள்ளும். அத்துடன் செசித் தகடும் மெலியும்.

4. அறிகுறிகள்

கீழ்வருவனவற்றுள் ஒன்று மட்டும் காணப்பட்டால் ஐயம் கொள்ளலாம். பல ஒன்றாகக் காணப்பட்டால் தாங்கிகளைச் சோதிக்கவே வேண்டும்.

1. வாகனம் புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரு தடவை "டொக்" எனக் கேட்டல்.
2. வளைவிலே பொடி சற்றுப் பிந்தி அசைவது போல உணர்தல்.
3. நிற்கும் நிலையில் எஞ்சின் அதிர்வு முன்பைவிட அதிகமாக ஆசனத்துக்கு வருதல்.
4. பம்பர் செசியிற் பூட்டப்பட்ட வாகனங்களில், பம்பருக்கும் பொடிக்குமான இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் சமனற்றிருத்தல்.
5. கதவுகள் சரியாகப் பொருந்தாமல், தூக்கிச் சாத்த வேண்டியிருத்தல்.
6. செசியிலிருந்து மேலெழும் கியர்த்தண்டு பொடியிலுள்ள துளையின் விளிம்பில் உரசுதல்.
7. பொடியும் செசியும் ஒன்றையொன்று தொட்டு உரசிய, பளபளப்பான இரும்புத் தடங்கள் தென்படுதல்.

5. கண்டறிதல்: படிமுறைச் சோதனை

சோதனை 1: கேட்டல். சத்தம் எப்போது வருகிறது என்பதைச் சாரதியிடம் கேட்டறிக. இது ஏனைய காரணங்களை விலக்க உதவும்.

• வாகனம் நிற்கும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் மட்டும் வருமாயின் எஞ்சின் தாங்கியையும் புகைக்குழாயையும் முதலிற் பார்க்க.
• ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழும்போது அப்பக்கத்தில் மட்டும் வருமாயின் சொக் அப்சோபரையும் அதன் புஷ்களையும் முதலிற் பார்க்க.
• புறப்படல், நிறுத்தல், திரும்பல் ஆகியவற்றின் போது வருமாயின் பொடி மவுண்ட் மீது ஐயம் வலுக்கும். புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகளும் இவ்வாறு சத்தமிடக்கூடும் என்பதால் அவற்றையும் அசைத்துப் பார்த்து விலக்குக.

சோதனை 2: அளத்தல். வாகனத்தைச் சமதரையில் நிறுத்துக. செசிக்கும் பொடிக்கும் இடையிலுள்ள உயரத்தை ஒவ்வொரு தாங்கியருகிலும் மில்லிமீற்றரில் அளந்து, இடம் வலமாக அட்டவணைப்படுத்துக. ஒரே இடத்தின் இரு பக்கங்களும் வேறுபட்டால், குறைந்த அளவுள்ள பக்கத்தை அடையாளமிடுக.

சோதனை 3: பார்த்தல். ரோச் லைற்றின் உதவியுடன் ஒவ்வொரு தாங்கியிலும் வெடிப்பு, பிதுங்கல், எண்ணெய், துருத்தூள் என்பவற்றைத் தேடுக. மேல் இறப்பரை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. கீழ் இறப்பர் முற்றாக உதிர்ந்து போயிருப்பதும் உண்டு.

சோதனை 4: நெம்புதல். சிறிய நெம்புகோலொன்றைச் செசிக்கும் பொடியின் பலமான பகுதிக்கும் இடையில் வைத்து மெதுவாக நெம்புக. பொடியின் பக்கத்தில் மரத்துண்டொன்றை வைத்தால் தகடு நெளியாது. நல்ல தாங்கி சிறிது அமுங்கி மீளும். கெட்ட தாங்கியில் பொடி எளிதாக மேலெழுந்து, விட்டதும் இரும்பில் விழும்.

சோதனை 5: கோடிடல். போல்ற் தலையிலும் அருகிலுள்ள வாசரிலும் தகட்டிலும் சேரும்படி சோக்கினால் அல்லது பெயின்றினால் ஒரு நேர்கோடு இடுக. வாகனம் சிறிது தூரம் ஓடிய பின் கோடு முறிந்திருந்தால் அவ்விடத்தில் அசைவு உண்டு என்பது உறுதியாகும்.

ஐந்து சோதனைகளும் ஒரே தாங்கியைச் சுட்டினால் அதுவே காரணம் எனத் துணிந்து எழுதலாம். மாமாவின் ஜீப்பில் நடந்ததும் இதுவே.

6. ஒரு சிறு கணிப்பு

ஒரு பொடியின் திணிவு பயணிகளுடன் 800 கி.கி. எனவும், அது 10 தாங்கிகளிற் சமமாகப் பரம்பியுள்ளது எனவும் கொள்க. (புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர்.)

மொத்த நிறை = 800 × 10 = 8000 நியூற்றன்
ஒரு தாங்கியின் மேலான விசை = 8000 ÷ 10 = 800 நியூற்றன்

இறப்பரின் பரப்பளவு 0.005 சதுர மீற்றர் எனின்,
அமுக்கம் = 800 ÷ 0.005 = 160 000 பஸ்கால்

இரண்டு தாங்கிகள் முற்றாகப் பழுதடைந்து, எஞ்சிய 8 தாங்கிகளும் சுமையைச் சமமாக ஏற்கின்றன எனின்,
ஒரு தாங்கியின் மேலான விசை = 8000 ÷ 8 = 1000 நியூற்றன்
அமுக்கம் = 1000 ÷ 0.005 = 200 000 பஸ்கால்

அதாவது நல்ல தாங்கிகளின் மேல் 25 சதவீதம் கூடுதலான சுமை விழுகிறது. உண்மையிற் சுமை சமமாகப் பரம்பாது. பழுதடைந்த தாங்கிக்கு அருகிலுள்ளவையே அதிகம் தாங்கும். ஆகவே ஒன்று கெட்டால் அயலிலுள்ளதும் விரைவிற் கெடும். தாங்கிகளை முழுத் தொகுதியாக மாற்றும்படி கூறப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

7. மாற்றும் முறை

எச்சரிக்கை: ஜக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கான கருவியன்று. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே எவரும் செல்லக் கூடாது. பொடியைத் தூக்கியிருக்கும்போது பொடிக்கும் செசிக்கும் இடையில் விரலை வைக்கக் கூடாது. இது பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்யவேண்டிய வேலையாகும். மாணவர் தனியாக முயலலாகாது.

படி 1: உதிரிப்பாகம் பெறுதல். வாகனத்தின் மாதிரியையும் செசி இலக்கத்தையும் கொடுத்து உரிய தொகுதியைப் பெறுக. முன், நடு, பின் தாங்கிகளின் தடிப்பும் கடினத்தன்மையும் வேறுபடலாம். எனவே இடம்மாற்றிப் பொருத்தலாகாது. பொலியூரித்தேன் தாங்கிகளும் விற்பனைக்கு உண்டு. அவை எண்ணெயையும் ஓசோனையும் நன்கு தாங்கும். ஆனாற் கடினமானவையாதலால் அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும்.

படி 2: துருவை இளக்குதல். முதல் நாளே போல்ற்றுகளைக் கம்பித் தூரிகையாற் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிடுக.

படி 3: வாகனத்தை உறுதிப்படுத்தல். சமமான, கடினமான தரையில் நிறுத்தி, கைப்பிரேக் இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைக்க. செசியின் கீழே வேலை செய்யவேண்டுமெனில், செசியை உரிய தாங்குகால்களின் மேல் இருத்துக. பற்றறியின் மறை முனையைக் கழற்றுக.

படி 4: இணைப்புகளைச் சரிபார்த்தல். பொடிக்கும் செசிக்கும் இடையே செல்லும் ஒவ்வொன்றையும் பட்டியலிடுக: சுக்கான் தண்டு, பிரேக் குழாய்கள், எரிபொருள் நிரப்பும் குழாய், றேடியேற்றர் குழாய்களும் விசிறி உறையும், மின்கம்பிகள், கைப்பிரேக் கேபிள், கியர்த்தண்டு. பொடி உயரும்போது எவை இழுபடும் எனப் பார்த்து, அவற்றை இளக்குக அல்லது கழற்றுக. இப்படியைத் தவறவிட்டால் பிரேக் குழாய் இழுபட்டுச் சேதமடையலாம். சத்தத்தை நிறுத்தப்போய் பிரேக்கை இழப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 5: ஒரு பக்கம் கழற்றல். ஒரு பக்கத்துப் போல்ற்றுகள் அனைத்தையும் கழற்றுக. மறுபக்கத்துப் போல்ற்றுகளைச் சில சுற்றுகள் மட்டும் இளக்குக, கழற்ற வேண்டாம். அப்போது பொடி கதவுப் பிணைச்சலில் அசைவது போல மறுபக்கத்தைப் பற்றிக்கொண்டு உயரும், இடம்பெயராது.

போல்ற் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பொடியிலுள்ள சுரை விடுபட்டுவிட்டது என்பது பொருள். அப்போது பலங்கொண்டு திருகாமல், மேற்பக்கத்திலிருந்து சுரையை அணுகிப் பிடிக்க வேண்டும்.

படி 6: தூக்குதல். ஜக்கின் மேல் தடித்த பலகை வைத்து, பொடியின் பலமான விளிம்பிற் சுமை பரவும்படி மெதுவாகத் தூக்குக. பழைய இறப்பரை எடுக்கத் தேவையான இடைவெளி மட்டுமே போதும். உடனே பொடிக்கும் செசிக்கும் இடையில் தாங்கிகளுக்கு அருகே மரக்குற்றிகளை வைக்க.

படி 7: சுத்தம் செய்தல். பழைய இறப்பரையும் குழாய்த்துண்டையும் அகற்றி, துருவைச் சுரண்டி, செசித் தகட்டைச் சோதிக்க. தகடு மெலிந்து துளை விழுந்திருந்தால் வெல்டிங் செய்து பலப்படுத்திய பின்னரே தொடர வேண்டும். நல்ல தகட்டுக்குத் துருத்தடுப்புப் பூச்சு இட்டு உலரவிடுக.

படி 8: பொருத்துதல். மேல் இறப்பர், குழாய்த்துண்டு, கீழ் இறப்பர், வாசர் என்பவற்றை உரிய திசையில் வைக்க. மரக்குற்றிகளை எடுத்துப் பொடியை மெதுவாக இறக்குக. போல்ற்றுகள் அனைத்தையும் முதலிற் கையினால் திருகுக. கையால் ஏறாத போல்ற்றைச் சாவி போட்டு ஏற்றினால் மரை அழியும். பின்னர் மறுபக்கத்தை இவ்வாறே செய்க.

படி 9: இறுக்குதல். வாகனம் தன் சில்லுகளில் நிற்கும் நிலையில், முறுக்குவிசை காட்டும் சாவியினால் திருத்தற் கைந்நூலிற் கூறப்பட்ட அளவுக்கு இறுக்குக.

இங்கே விசைத் திருப்பத்தை நினைவுகூர்க. திருப்பம் = விசை × செங்குத்துத் தூரம். 0.3 மீற்றர் நீளமான சாவியின் நுனியில் 200 நியூற்றன் விசை கொடுத்தால் திருப்பம் 60 நியூற்றன் மீற்றர். அதே சாவியிற் குழாய் செருகி 0.9 மீற்றராக நீட்டி அதே விசையைக் கொடுத்தால் 180 நியூற்றன் மீற்றர். மூன்று மடங்கு! துருப்பிடித்த போல்ற் ஒன்று முறிவதற்கு அல்லது சுரை பிடுங்கப்படுவதற்கு இவ்வாறு குழாய் செருகுவதே பெரும்பாலும் காரணமாகிறது.

படி 10: மீளாய்வு. கழற்றிய இணைப்புகள் அனைத்தையும் பட்டியலைப் பார்த்துத் திரும்பப் பூட்டுக. சுக்கானை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், பிரேக்கை மிதித்தும், விசிறி உறையில் முட்டாமல் சுற்றுகிறதா எனப் பார்த்தும் உறுதிசெய்க. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் போல்ற்றுகளின் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க.

8. பரீட்சைக் குறிப்பு

இவ்வாறான வினாக்களில் மாணவர் புள்ளிகளை இழக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, காரணத்தையும் அறிகுறியையும் மாற்றி எழுதுதல். மற்றையது, படிமுறைகளை ஒழுங்கின்றி எழுதுதல். விடை எழுதத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் ஐந்து சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அறிகுறி, ஐயம், சோதனை, காரணம், தீர்வு. இவ்வொழுங்கில் எழுதினால் விடை தானாகவே கோவையாக அமையும்.

மாதிரி வினாக்களும் விடைச் சுருக்கங்களும்

வினா 1: தனிச் செசி கொண்ட வாகனத்தில் பொடிக்கும் செசிக்கும் இடையில் இறப்பர்த் தாங்கிகள் வைக்கப்படுவதற்கான காரணங்கள் இரண்டு தருக.
விடை: வீதியினதும் எஞ்சினினதும் அதிர்வு பயணிகளைச் சென்றடைவதைக் குறைத்தல்; செசி முறுகும்போது பொடிக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைத்தல்.

வினா 2: இறப்பர் மெலிந்த தாங்கியில் போல்ற்றை மேலும் இறுக்குவது ஏன் பயன் தராது?
விடை: வாசர் நடுவிலுள்ள இரும்புக் குழாய்த்துண்டில் முட்டி நிற்பதால் இறப்பர் மேலும் அமுக்கப்படாது; இடைவெளி அவ்வாறே இருக்கும்.

வினா 3: எண்ணெய் ஒழுக்கை நிறுத்தாமல் புதிய இயற்கை இறப்பர்த் தாங்கியைப் பொருத்துவது சரியா? விளக்குக.
விடை: சரியன்று. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து மென்மையாகும். எனவே புதிய தாங்கியும் பழுதடையும். முதலிற் காரணத்தை நீக்க வேண்டும்.

வினா 4: 0.25 மீற்றர் நீளமான சாவியினால் 50 நியூற்றன் மீற்றர் திருப்பம் உண்டாக்கத் தேவையான விசை யாது?
விடை: 50 ÷ 0.25 = 200 நியூற்றன்.

வினா 5: பொடியை உயர்த்துவதற்கு முன் சோதிக்க வேண்டிய இணைப்புகள் மூன்று தருக.
விடை: சுக்கான் தண்டு, பிரேக் குழாய்கள், எரிபொருள் நிரப்பும் குழாய்.

முடிவாக, மாணவர்களே, மாமாவின் ஜீப்பில் தேவையின்றி மாற்றப்பட்ட சொக் அப்சோபர்கள் நான்கும் நல்ல நிலையிலேயே இருந்தன. கெட்டுப்போயிருந்த இறப்பர்த் தொகுதியோ அவற்றைவிட மிகவும் மலிவானது. சோதிக்க எடுத்த காலம் ஒரு நாள்; சோதிக்காமல் இழந்தது இரண்டு மாத உழைப்பு. அவருடைய மகள் அந்த இரண்டு மாதக் குறிப்புகளையும் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதியே பரீட்சைக்குத் தோற்றினாள். வினாத்தாளிலும் வீட்டிலும் ஒரு கோளாறைக் காணும்போது, விடையை ஊகித்து எழுதுமுன் சோக்குக் கோடு ஒன்றை இட்டுப் பாருங்கள்.